ஓமோன் மாத்திரையோடு ஐந்து வருடம்: பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாகச் சமாளிப்பது

மார்பகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச்சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகு கிளினிக்கில் ஒரு சின்ன மாத்திரையைத் தந்து, "தினமும் ஒன்று, ஐந்து வருடத்துக்கு" என்று சொல்லி அனுப்புவார்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவரானாலும் கொழும்பில் தனியாரிடம் சனல் பண்ணிப் பார்க்கிறவரானாலும் இதேதான். கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில்தான் இந்த நீண்ட சிகிச்சை தொடங்குகிறது.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜன் ஓமோனைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. அறிக்கையில் "ஈ.ஆர். பொசிட்டிவ்" என்று இருந்தால் உங்களுடையது அந்த வகை. இந்த வகையில் அந்த ஓமோனைத் தடுக்கும் டமொக்சிஃபென் மாத்திரையை 5 வருடம் எடுத்த பெண்கள், எடுக்காதவர்களைவிட அடுத்த 15 வருடங்களில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் உலகம் முழுக்கக் கணிசமான பெண்கள் பக்கவிளைவு தாங்காமல் இடையில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அதிலும் பலர் வைத்தியரிடம் சொல்வதில்லை. "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். வீட்டில் மாத்திரை மட்டைகள் அப்படியே கிடக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கீழே வரும் ஒவ்வொரு தொல்லைக்கும், மாத்திரையை நிறுத்துவதற்கு முன் செய்து பார்க்க ஏதோ ஒன்று உண்டு.

முதல் வேலை: எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பக்கவிளைவு மருந்துக்கு மருந்து மாறும். மட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனிப் பெயர். அதற்குக் கீழே சிறிதாக இருக்கும் மருந்துப் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

டமொக்சிஃபென் 20 மி.கி.: மாதவிடாய் நிற்காதவர்களுக்கும் நின்றவர்களுக்கும் தரலாம். ஈஸ்ட்ரஜன் மார்பகக் கலத்தில் ஒட்டாமல் தடுக்கும்.

லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்செமெஸ்டேன் 25 மி.கி.: இந்த மூன்றும் ஒரே குடும்பம். உடம்பில் ஈஸ்ட்ரஜன் உண்டாவதையே குறைக்கும். மாதவிடாய் நின்றவர்களுக்கு மட்டும்தான் இவை வேலை செய்யும். நிற்காதவர்களுக்குத் தரும்போது சூலகத்தை உறங்க வைக்கும் கொசெரெலின் 3.6 மி.கி. ஊசியை 28 நாளுக்கு ஒரு முறை வயிற்றில் போடுவார்கள்.

அந்த ஊசி பிந்தக் கூடாது. சூலகம் விழித்துக்கொண்டால் மாத்திரை பயனில்லாமல் போகும். 28ஆம் நாள் போயா தினத்திலோ நீண்ட விடுமுறையிலோ விழுகிறதா என்று கலண்டரைப் பார்த்து முதலே ஏற்பாடு செய்யுங்கள். ஊசியை வெளியில் வாங்குகிறவர்கள் அதை 25 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும். மத்தியான வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுப் போகாதீர்கள். இன்னொன்று: கீமோவால் 40 வயதில் மாதவிடாய் நின்றால் அது நிரந்தரமாக நின்றதாக அர்த்தமில்லை. லெட்ரோசோல் வகை எடுக்கும்போது மறுபடி இரத்தம் பட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

மாத்திரை போடும் முறை

தினமும் ஒரே நேரம். எக்செமெஸ்டேனைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும். மற்றவற்றைச் சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். குமட்டினால் இரவுச் சாப்பாட்டோடு போடுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த நாள்தான் நினைவு வந்தது என்றால் வழமையான ஒன்று மட்டும், இரண்டு வேண்டாம். மட்டையின் பின்பக்கத் தாளில் பேனையால் திங்கள், செவ்வாய் என்று எழுதி வைத்தால் போட்டேனா இல்லையா என்ற குழப்பம் வராது.

இரவில் போட்டு நித்திரை குழம்பினால் காலைக்கு மாற்றலாம். திங்கள் இரவு போட்டவர் செவ்வாய் இரவை விட்டு, புதன் காலையில் போட்டுத் தொடரலாம். இந்த மருந்துகள் உடம்பில் மெதுவாகக் குறைபவை என்பதால் அந்த இடைவெளி பாதிக்காது.

வைத்தியசாலையில் மருந்து இல்லை என்று வெளியில் வாங்கத் துண்டு தந்தால் அன்றோ மறுநாளோ வாங்கிவிடுங்கள். அரச மருந்தகமான ஒசு சலவில் முதலில் கேளுங்கள். கம்பனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். மருந்துப் பெயரும் மி.கி. அளவும் ஒன்றாக இருந்தால் பயமில்லை. மட்டை மாறிய பிறகு புதிதாக ஏதும் தொல்லை வந்தால் அதை மட்டும் குறித்து வையுங்கள்.

குப்பென்று வரும் வெக்கை

நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, வியர்த்துக் கொட்டி, பிறகு குளிரும். கொழும்பின் புழுக்கத்தில் இது இரட்டிப்பு வேதனை. ஏப்ரலில் இன்னும் மோசம். பலருக்கு முதல் சில மாதங்களில் கடுமையாக இருந்து பிறகு தணியும்.

முதலில் இரண்டு கிழமைக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு அரை மணி நேரத்துக்கு முன் என்ன செய்தீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்த தேத்தண்ணி, உறைப்பான கறி, காற்றில்லாத குசினி, அவசரமாக ஏறிய பஸ் என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். தேத்தண்ணியை விடவேண்டியதில்லை, ஆறவிட்டுக் குடித்தால் போதும். குசினி வேலையைக் காலை 7 மணிக்குள் முடிக்க முடிந்தால் முடியுங்கள். மெல்லிய பருத்தி உடுப்பு, படுக்கையருகே பான், தலைமாட்டில் குளிர்ந்த தண்ணீர், மாற்ற ஒரு உலர்ந்த நைட்டி. நைலோன் கலந்த உடுப்பு வியர்வையைப் பிடித்து வைக்கும்.

இதற்கும் அடங்காமல் இரவில் இரண்டு மூன்று தரம் எழும்ப வேண்டி வந்தால் அதற்கு மருந்து உண்டு. வென்லஃபக்சின் 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை போகலாம், அல்லது இரவில் கபபென்டின் தருவார்கள். இரண்டும் வைத்தியர் எழுதித் தரவேண்டியவை. வென்லஃபக்சினைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும் என்பதால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டமொக்சிஃபென் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: ஃபுளுஒக்செடின், பரொக்செடின், புப்ரோபியன் என்ற மன அழுத்த மருந்துகள், டமொக்சிஃபென்னை ஈரல் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும். வேறு வைத்தியர் ஒருவர் இவற்றை எழுதினால், "நான் டமொக்சிஃபென் எடுக்கிறேன்" என்று சொல்லி மாற்றுக் கேளுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் இரு வைத்தியர்களுக்கும் தெரிவியுங்கள்.

மூட்டு நோவும் காலை விறைப்பும்

லெட்ரோசோல் குடும்பத்தை இடையில் விடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எடுப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏதோ அளவில் வரும். தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் விரல்கள் காலையில் மடங்காது, முழங்கால் பிடிக்கும், கதிரையில் இருந்து எழும்பும்போது பாட்டி மாதிரி எழும்ப வேண்டியிருக்கும். ஈஸ்ட்ரஜன் திடீரெனக் குறைவதால் வரும் நோ இது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனால் "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று வீட்டில் யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

நோகிறது என்று அசையாமல் இருந்தால் விறைப்புக் கூடும். இந்த நோவுக்கு ஆய்வுகளில் பலன் காட்டியது உடற்பயிற்சி. கிழமைக்கு 150 நிமிடம் வேக நடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் இலக்கு. முதல் கிழமையே அவ்வளவும் வேண்டாம். ஒரு நாள் நடையை 10 நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை 5 நிமிடம் கூட்டுங்கள். வெயில் ஏறுமுன் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு மரைன் டிரைவ் நடைபாதை, மற்றவர்களுக்குக் காலிமுகத்திடல் அல்லது சுதந்திர சதுக்கம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். தசைக்கு: கதிரையில் இருந்து கையூன்றாமல் 10 தரம் எழும்பி இருங்கள், சுவரில் கை வைத்து 10 தரம் தள்ளுங்கள். கக்கத்தில் நிணநீர்க் கட்டி எடுத்த பக்கக் கையில் மெதுவாகப் பாரத்தைக் கூட்டுங்கள். கை வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

காலையில் எழும்பியதும் ஒரு அகன்ற பாத்திரத்தில் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு கையையும் 10 நிமிடம் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கி விரியுங்கள். பிறகு தேங்காய் துருவுவது, போத்தல் மூடி திறப்பது போன்றவற்றைச் செய்யலாம். ஒரு விரல் மட்டும் மடங்கி நின்று "டக்" என்று விடுபட்டாலோ, இரவில் கை விறைத்து எழுப்பினாலோ அது தசைநாண் அல்லது நரம்பு அழுத்தம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

நோ கூடினால் பரசிற்றமோல் 500 மி.கி. இரண்டு, ஒரு நாளில் மொத்தம் 8 மாத்திரையைத் தாண்டாமல். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் எடை மிகக் குறைந்தவர்களும் அதைவிடக் குறைவாக எடுக்க வேண்டும் என்பதால் வைத்தியரைக் கேளுங்கள். தடிமன் மாத்திரைகளிலும் பரசிற்றமோல் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபென் போன்றவை நோவை அடக்கும், ஆனால் இரைப்பை, சிறுநீரகம், பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பில் டெங்கு எந்த மாதமும் வரலாம். காய்ச்சல் தொடங்கிய அன்றே டைக்ளோஃபெனக் வகையை நிறுத்தி, பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். டெங்கில் அவை இரத்தக் கசிவை மோசமாக்கும்.

ஆறு முதல் எட்டுக் கிழமை இவ்வளவும் செய்தும் குறையாவிட்டால் வைத்தியரிடம் இப்படிக் கேளுங்கள்: "சில கிழமை இடைவெளி விட்டு வேறு மாத்திரைக்கு மாறலாமா?" லெட்ரோசோலைத் தாங்காத ஒருவர் எக்செமெஸ்டேனைத் தாங்குவது சாதாரணமாக நடக்கும். அதுவும் சரிவராவிட்டால் நோவைக் குறைக்கும் டுலொக்செடின் தரலாம், அல்லது டமொக்சிஃபென்னுக்கு மாற்றலாம். இடைவெளியைத் தொடங்குவதும் முடிப்பதும் அவர் தரும் திகதியில் இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் சமமாக, காலையில் கூடி நடக்க நடக்கக் குறைவது மருந்தின் நோ. ஒரே இடத்தில், முதுகிலோ இடுப்பெலும்பிலோ, படுத்தாலும் விடாமல், கிழமைக்குக் கிழமை கூடிவருவது வேறு. அதை மருந்தின் தலையில் போடாமல் உடனே காட்டுங்கள்.

எலும்பு

எலும்பு தேய்வது நோகாது. அதனால்தான் லெட்ரோசோல் வகை தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கான் எடுத்து, பிறகு ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்பு நலிவு. அதைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எலும்புத் தேய்வைத் தடுக்கும் சொலெட்ரோனிக் அமில ஊசி தரலாம். அந்த ஊசிக்கு முன் பல் வைத்தியரிடம் போங்கள். பிடுங்க வேண்டிய பல்லை முதலே பிடுங்கிவிட வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும். ஊசிக்கு அடுத்த ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு நோவும் வருவது வழமை.

நாளுக்குச் சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து 1200 மி.கி. அளவு கல்சியம், 800 முதல் 1000 அலகு விட்டமின் டி தேவை. ஒரு 200 மி.லீ. குவளை பாலில் சுமார் 240 மி.கி. இருக்கும். 50 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 170. முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் எள்ளும் நல்லவை. கருவாட்டு நெத்தலியை ஊறவைத்து உப்பைக் கழுவுங்கள்.

கல்சியம் மாத்திரையின் போத்தலில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "கல்சியம் கார்பனேற் 1250 மி.கி." என்று இருந்தால் அதில் உள்ள கல்சியம் 500 மி.கி.தான். உடம்பு ஒரே நேரத்தில் சுமார் 500க்கு மேல் சரியாக உறிஞ்சாது, அதனால் இரண்டு வேண்டும் என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று. கார்பனேற் வகையைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் கல்சியத்துக்கும் இடையில் 4 மணித்தியாலம் விடவேண்டும்.

வெளியில் சொல்லக் கூச்சப்படும் தொல்லை

பெண்ணுறுப்பு வறண்டு எரிவது, உறவின்போது நோவது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது எல்லாம் மிகச் சாதாரணம். வாய் திறந்து சொல்கிறவர்கள்தான் குறைவு. பெண் வைத்தியர் அல்லது தாதி வேண்டும் என்று கேட்கலாம்.

பாமசியில் கிடைக்கும் ஓமோன் இல்லாத ஈரப்பதன் ஜெல்லைக் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் இரவில் வைக்க வேண்டும், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். உறவின்போது தண்ணீர் அடிப்படையிலான வழுக்கு ஜெல் தனி. தேங்காயெண்ணெய் ஆணுறையைக் கிழிக்கும் என்பதால் ஆணுறை பாவிப்பவர்களுக்கு அது ஆகாது. சவர்க்காரம், டெட்டோல் இரண்டும் அந்த இடத்தில் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். ஈஸ்ட்ரஜன் உள்ள கிறீமை உங்கள் புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

டமொக்சிஃபென் எடுப்பவர்கள் அவசரமாகக் காட்ட வேண்டியவை

ஒரு காலின் கெண்டைத்தசை வீங்கி, சூடாகி, நோவது இரத்தம் கட்டியதன் அடையாளம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோ, இரத்தத்தோடு இருமல் என்றால் அந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் 1990க்கு எடுத்துச் சுவ செரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். டமொக்சிஃபென் எடுக்கிறீர்கள் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் பெண் நோயியல் வைத்தியரிடம் போக வேண்டும். டமொக்சிஃபென் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். அதில் புற்றுநோய் வரும் வாய்ப்புச் சிறியது, ஆனால் நேரத்துக்குக் கண்டால் குணமாக்கலாம். மணமில்லாத வெள்ளை நீர் மட்டும் என்றால் பயமில்லை. இரத்தமே படாதவர்கள் பயத்தில் தாங்களாகப் போய் வருடாவருடம் கர்ப்பப்பை ஸ்கான் எடுக்கத் தேவையில்லை. உட்சுவர் தடிப்பு இந்த மருந்தில் வழமை என்பதால், தேவையற்ற சோதனைகளில்தான் அது போய் முடியும். பார்வை மங்கினால் கண் வைத்தியர். இரத்தம் கட்டாமல் தடுக்கும் வோஃபரின் எடுப்பவர்களில் டமொக்சிஃபென் அதன் வேகத்தைக் கூட்டும், தொடங்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சத்திரசிகிச்சை ஒன்று முடிவானால் டமொக்சிஃபென்னைச் சில கிழமைக்கு நிறுத்த வேண்டுமா என்று முதலே கேளுங்கள். பிள்ளைகளிடம் கனடா, லண்டன் என்று பறப்பவர்கள் விமானத்தில் மணிக்கு ஒரு தரம் எழும்பி நடந்து, தண்ணீர் குடித்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள்.

கர்ப்பத்தடை

டமொக்சிஃபென் எடுக்கும்போது மாதவிடாய் வராமல் போகலாம், அப்போதும் கருத்தரிக்க முடியும். இது கருவைப் பாதிக்கும் மருந்து. குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை, டெப்போ ஊசி, கையில் வைக்கும் குச்சி மூன்றும் ஓமோன், ஆகவே உங்களுக்கு இல்லை. ஆணுறையும் செம்பு லூப்பும் பாவிக்கலாம். லூப்புக்கு உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவைக் கேளுங்கள். பிள்ளை வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். தெரிவுசெய்த சில பெண்களுக்குக் குறைந்தது ஒன்றரை வருடச் சிகிச்சைக்குப் பின் இடைவெளி தந்து, பிள்ளை பெற்றபின் தொடரும் வழி இப்போது உண்டு. மருந்தை விட்டு எத்தனை மாதத்தின் பின் முயலலாம் என்பதை வைத்தியர் சொல்வார்.

மனமும் நித்திரையும்

எரிச்சல், காரணமில்லாத அழுகை, மறதி, களைப்பு எல்லாம் மருந்தோடும் வரும், நோயைக் கடந்து வந்த களைப்பாலும் வரும். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் மனம் போகாமல் இருந்தால் அதையும் ஒரு பக்கவிளைவாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

கைமருந்தும் சாப்பாடும்

சோயா மீற் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கறியில் சாதாரண அளவில் சேர்ப்பதற்குத் தடையில்லை. சோயாவிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகள் வேண்டாம். மஞ்சளும் அப்படித்தான்: கறிக்குப் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்துச் சேர்த்த குர்குமின் மாத்திரை வேறு. பின்னது டமொக்சிஃபென்னின் அளவை இரத்தத்தில் குறைப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சாத்தாவாரி போன்ற "பெண்களுக்கான" லேகியங்களில் என்ன அளவில் என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதில்லை, இந்த ஐந்து வருடத்துக்கு அவற்றை ஒதுக்கி வையுங்கள். எடையும் கொலஸ்ட்ரோலும் கூடலாம், வருடத்துக்கு ஒரு தரம் இரத்தம் சோதியுங்கள்.

கிளினிக்கில் சொல்லும் விதம்

கூட்டம் நிறைந்த கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "உடம்பெல்லாம் நோகுது" என்றால் பனடோலோடு முடிந்துவிடும். கொப்பியின் ஒரு பக்கத்தில் இப்படி எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன தொல்லை, எப்போது தொடங்கியது, 10க்கு எவ்வளவு, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், கடந்த மாதத்தில் எத்தனை மாத்திரை தவறியது. கடைசிக் கணக்கை உண்மையாகச் சொல்லுங்கள், யாரும் ஏசினாலும். மிக மோசமான ஒன்றை முதலில் சொல்லுங்கள். சிங்களத்தில் பேச வேண்டி வந்தால் இரத்தம் படுவதற்கு "லே யனவா", மூட்டு நோவுக்கு "ஹந்தி ரிதெனவா" என்று தொடங்கி, எழுதிய பக்கத்தைக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் அதை எழுதித்தர வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பிடித்தால் இன்னும் நல்லது. வைத்தியர் மருந்தை மாற்றினால் பழைய மாத்திரையை எந்தத் திகதியில் நிறுத்துவது, புதியதை எந்தத் திகதியில் தொடங்குவது என்று இரண்டையும் கேட்டு, அங்கேயே கொப்பியில் எழுதிக்கொண்டு எழும்புங்கள்.